பழைய வின்செஸ்டர் லீவர் ரைபிள்: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

கருமாத்தூரான்

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா வைத்திருந்த ரைபிள் வாரிசு முறையில் என் பெயருக்கு மாறியிருக்கிறது. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான், துப்பாக்கிக் கடையில் டெபாசிட்டில் கிடந்ததை எடுத்து வந்தேன். வின்செஸ்டர் 1892 மாடல், அடியில் உள்ள லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன். உருண்டைக் குழல், 20 அங்குலம். இயக்கப் பாகங்கள் இருக்கும் நடு இரும்புப் பெட்டியான ரிசீவரின் இடது பக்கம் ஒரு வளையம் தொங்குகிறது. .44-40 தோட்டா.

கட்டை முழுக்கக் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறது. ரிசீவரை ஒட்டிய இடத்தில் தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டுகிறது. குழல் ஓரளவு கருப்பாகவே இருக்க, ரிசீவர் மட்டும் சாம்பலும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. குழலுக்கும் அதன் அடியில் ஓடும் மேகசின் குழாய்க்கும் நடுவே செந்துரு. லீவர் வேலை செய்கிறது, ஆனால் இழுக்கக் கனமாக இருக்கிறது.

இதைப் புத்தம் புதுசாக்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம். இரும்புக்கு நிக்கல் முலாம், தேக்கில் புதுக் கட்டை, லீவரில் சினிமாவில் சுழற்றுவது போலப் பெரிய வளையம், முடிந்தால் ஒரு ஸ்கோப். மச்சானுக்குத் தெரிந்த முலாம் பட்டறை இருக்கிறது. எதை முதலில் செய்ய வேண்டும், மதுரைப் பக்கம் யாரிடம் போகலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

தம்பி, நீங்கள் போட்ட போட்டோ பார்த்தேன். தயவுசெய்து முலாம் பட்டறைப் பக்கம் போகாதீர்கள். நாகமலை ஐயா வந்து பார்க்கும்வரை உப்புத்தாளையும் கையில் எடுக்க வேண்டாம்.

நாகமலை

கருமாத்தூரான் தம்பி, முதல் வேலை அது காலியா என்று பார்ப்பது. கடையில் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள், இருந்தாலும் நீங்களும் பாருங்கள். இந்த வகையில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பழைய துப்பாக்கியில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ குழாய் நசுங்கியிருந்தாலோ ஒரு தோட்டா உள்ளேயே சிக்கி நின்றுவிடும். லீவரை எத்தனை முறை இறக்கி ஏற்றினாலும் அது வெளியே வராது. டார்ச் அடித்து, தோட்டா அறை காலியா, குழாயின் வாயில் தோட்டாவைத் தள்ளும் ஃபாலோவர் தெரிகிறதா என்று இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகே மற்றது.

ரிசீவர் வெளுத்திருப்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் சந்தோஷமான செய்தி. வின்செஸ்டரின் அந்தக் கால ரிசீவர்களில் புளூயிங் என்ற கருநீல மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். இது பழைய வின்செஸ்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குழல் கருப்பாக நிற்க ரிசீவர் மட்டும் சாம்பலாகியிருந்தால், தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு யாரும் மேலே வேலை பார்க்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஜான் பிரௌனிங் வடிவமைத்த ஆக்‌ஷன் இது. பெரிய தோட்டாக்களுக்காக அவர் வடிவமைத்த 1886 மாடலையே சுருக்கி, 1873 முதல் புழங்கி வந்த .44-40 போன்ற சின்னத் தோட்டாக்களுக்கு ஏற்றபடி ஆக்கினார். தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் இரு பக்கமும் செங்குத்தாக ஏறி இறங்கும் இரண்டு பூட்டுக் கட்டிகள் இருக்கும், லீவரை மெல்ல இறக்கினால் அவை நழுவி இறங்குவது தெரியும். பத்து லட்சத்துக்கு மேல் தயாரான மாடல்தான். ஆனால் நம் பக்கம் பெட்டியைத் திறந்தால் ஒன்று கிடைக்கும் என்ற சாமான் இல்லை.

இப்போது முலாம். நிக்கல் ஏற்றுவதற்கு முன் பட்டறையில் இரும்பைத் தேய்த்து மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் பிடிப்பார்கள். ரிசீவரின் விளிம்புகள் கூர்மையாக, பக்கங்கள் தட்டையாக இருக்கின்றனவே, அதுதான் இந்தத் துப்பாக்கியின் அழகு. பஃப் சக்கரம் முதலில் தின்பது அந்த விளிம்பைத்தான். ஸ்குரூ துளைகளின் வாய் குழிந்துவிடும், குழல் மேல் பொறித்த எழுத்துகள் மழுங்கிவிடும். அப்புறம் அமிலத் தொட்டி. கடினப்படுத்திய ஸ்பிரிங் எஃகு அமிலத்தில் கிடந்தால் ஹைட்ரஜனை உறிஞ்சி உடையக்கூடிய தன்மைக்கு வந்துவிடும். பட்டறைக்காரர் பித்தளை விளக்குக்கும் பைக் சைலன்சருக்கும் செய்கிற வேலையை நேர்மையாகத்தான் செய்வார், ஆனால் இந்தச் சாமானுக்கு அது பொருந்தாது.

ஸ்கோப்பும் வேண்டாம். 1892 மாடலில் காலித் தோட்டா நேர் மேலே எகிறும், அந்த இடத்தை மறைத்து ஸ்கோப் வைக்க முடியாது. பக்கவாட்டில் வைக்க ரிசீவரில் புதிதாகத் துளை போட வேண்டும். பார்வைக்கு உதவி வேண்டுமென்றால் ரிசீவரிலிருந்து பின்னோக்கிக் கட்டையின் மேல் நீளும் இரும்பு நாக்கான மேல் டாங்கைப் பாருங்கள், அங்கே துளை வழியாகக் குறிபார்க்கும் துளைப் பார்வை மாட்டத் தொழிற்சாலையிலேயே போட்ட துளை இருக்கக்கூடும். சும்மா ஒரு சின்ன ஸ்குரூவால் அடைத்து வைத்திருப்பார்கள்.

ரிசீவரின் அடியில் முன்பக்கம் உள்ள வரிசை எண், குழலின் மேல் உள்ள எழுத்துகள், வேறு ஏதாவது முத்திரை, எல்லாவற்றையும் படித்துச் சொல்லுங்கள். எண்ணை இங்கே பொதுவில் போட வேண்டாம்.

கருமாத்தூரான்

ஐயா, காலிதான், இரண்டு இடமும் பார்த்துவிட்டேன். குழலில் கம்பெனி பெயரும் நியூ ஹேவன் முகவரியும் இருக்கின்றன. குழலிலும் ரிசீவரிலும் ஒரு முட்டை வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற எழுத்துகள். பக்கத்தில் துரு மூடிய வேறு பொடி முத்திரைகள். லென்ஸ் வைத்துப் பார்த்ததில் ‘நாட் இங்கிலிஷ் மேக்’ என்பது மட்டும் தெளிவாகப் படிக்க முடிந்தது. அமெரிக்கத் துப்பாக்கியில் அது எதற்கு?

மேகமலை

அருமையான முத்திரை அது. பிரிட்டனுக்குள் விற்பனைக்கு வந்த எந்த வெளிநாட்டுத் துப்பாக்கியையும் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள புரூஃப் ஹவுஸில் கூடுதல் அழுத்தத் தோட்டா போட்டுச் சோதித்து முத்திரை குத்த வேண்டும். அப்படி வந்த அயல்நாட்டுச் சாமானுக்கு 1904 முதல் 1925 வரை அந்த வாசகத்தையும் சேர்த்துக் குத்தினார்கள். முட்டை வட்டத்தில் இருப்பது வின்செஸ்டரின் சொந்தச் சோதனை முத்திரை, 1905இலிருந்து வருவது. ஆக உங்கள் துப்பாக்கி அமெரிக்காவில் பிறந்து, பிரிட்டன் போய், அங்கிருந்து கப்பலேறி இந்தியா வந்தது. மலைத் தோட்டத் துரைமார், ஜமீன் குடும்பங்கள் வாங்கியவை பெரும்பாலும் இந்த வழிதான். காலத்தையும் ஏறக்குறையக் கட்டிவிட்டீர்கள்.

ஆனால் நாகமலை அண்ணன் சொன்னதில் ஒரு பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. முலாம் கூடாது, சரி. அதற்காக வெளுத்துப்போன இரும்பை அப்படியே விட்டுவிடுவதா? துரு தின்பது நிற்காது. முறையாக ரஸ்ட் புளூயிங் செய்தால் என்ன தப்பு? அது பழங்காலத்துத் துப்பாக்கிப் பட்டறைகளே கையாண்ட முறை. பொருளைப் பயன்படுத்தும் நிலையில் வைப்பதும் மரியாதைதான்.

செல்லூர் தச்சர்

ரஸ்ட் புளூயிங் என்றால் என்ன என்று என்னைப் போன்ற மரவேலைக்காரர்களுக்கும் சொல்லுங்கள் அண்ணே. துருவையே பூச்சாக்குவதா?

மேகமலை

கிட்டத்தட்ட அதுதான். இரும்பை எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, லேசான அமிலக் கரைசலை ஒரே சீராகத் தடவி, ஈரக் காற்றில் தொங்கவிடுவார்கள். சில மணி நேரத்தில் மெல்லிய செந்துரு படரும். அதைக் கொதிக்கும் நீரில் அமிழ்த்தினால் செந்துரு கருந்துருவாக மாறும். இரண்டும் இரும்பு ஆக்சைடுதான். செந்துரு இரும்பை மேலும் தின்னும், கருந்துரு இரும்போடு ஒட்டி நின்று எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். மேலே வெல்வெட் போல நிற்கும் தூளை மெல்லிய ஸ்டீல் உல்லால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். ஆறு முதல் பத்து சுற்று போனால் ஆழ்ந்த கருநீலம் வரும். பளபளக்காது, அடக்கமாக இருக்கும்.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. சித்திரை வைகாசியில் காற்றில் ஈரமே இருக்காது, துரு படராது. ஈரப்பெட்டி செய்து உள்ளே வெந்நீர்ப் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியே தேவையில்லை. தண்ணீர் இன்னொரு பிரச்சினை. நம் ஊர் போர்த் தண்ணீரின் உப்பு, இரும்பில் வெள்ளைத் திட்டாக உட்கார்ந்துவிடும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்குங்கள், அல்லது மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீர்.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் இதையே சீக்கிரம் முடிக்க ஹாட் புளூயிங் செய்வார்கள். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி அளவில் கொதிக்கவைத்து அதில் முக்குவது. கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து, வீட்டு வேலை இல்லவே இல்லை. இரட்டைக்குழல் தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு குழல்களையும் நடுப்பட்டையையும் ஈயப் பற்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கரைசல் பற்றை அரித்துவிடும், குழல்கள் தனித்தனியாகக் கையில் வரும்.

கோர்ட்வாசல்

தொழில்நுட்பத்துக்குள் நீங்கள் போவதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்குகளைப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி கவனமாகப் படிக்கவும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். உங்கள் கையில் இருப்பது வைத்திருக்கும் லைசென்ஸ். துடைக்கலாம், எண்ணெய் போடலாம். ஆக்‌ஷனைப் பிரித்துச் சரிசெய்வது, குழலைக் கழற்றுவது எல்லாம் பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ள ஆர்மரியில்தான் நடக்க வேண்டும். 6ஆவது பிரிவு குழலைக் குட்டையாக்குவதைப் பற்றியது, அந்த எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 8ஆவது பிரிவுதான் இந்த இழைக்கு முக்கியம்: துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. அழகுக்காகத்தான் தேய்த்தோம் என்று பிறகு விளக்கிக்கொண்டு நிற்கும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? எண் மழுங்கிய துப்பாக்கியை அடுத்த புதுப்பித்தலுக்கு எடுத்துப் போனால், புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்க்க முடியாமல் நிற்பீர்கள்.

முலாம் பட்டறைக்காரரிடமோ தச்சரிடமோ துப்பாக்கியை முழுசாகக் கொடுத்துவிட்டு வருவதும் குற்றம்தான். அவருக்கு அதை வைத்திருக்க உரிமை இல்லை, அவரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். தச்சருக்குக் கட்டை மட்டும் போகட்டும்.

வாரிசு விவகாரத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வரி. லைசென்ஸ்தாரர் இறந்தால் துப்பாக்கியைப் பீரோவில் வைத்துக் காத்திருக்கக் கூடாது, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். மாநகரத்துக்குள் கமிஷனர் அலுவலகம், வெளியே கலெக்டர் அலுவலகம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கருமாத்தூரான்

மேடம், ரொம்ப நன்றி. எண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது மனதில் நின்றுவிட்டது. முலாமும் ஸ்கோப்பும் வளைய லீவரும் போகட்டும். ஆனால் மேகமலை அண்ணன் கேட்ட கேள்வி எனக்கும் இருக்கிறது. துரு இருக்கிறதே, அதை என்ன செய்வது?

நாகமலை

மேகமலை தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ரஸ்ட் புளூயிங் நல்ல முறை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சீரான நிறம் வர வேண்டுமென்றால் முதலில் பழைய மேற்பரப்பை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். குழிகள் மறையத் தேய்த்தால் இந்த முத்திரைகள் போய்விடும். தேய்க்காமல் விட்டால் புதுக் கருப்புக்கு அடியில் குழிகள் அம்மைத் தழும்பு மாதிரித் தெரியும். இன்னொன்று, ஏற்கெனவே பாதிக்கு மேல் கருப்பாக இருக்கும் குழலின் அசல் புளூயிங்கை நாம் ஏன் எடுக்க வேண்டும்? அது நூறு வருஷம் தாங்கியிருக்கிறது.

நடுவழி ஒன்று உண்டு. நானும் அதைத்தான் சொல்வேன். கரைசல் எதுவும் தடவ வேண்டாம், கொதிக்கவைப்பது மட்டும் போதும். கழற்றிய குழலையும் மேகசின் குழாயையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, டிஸ்டில்டு வாட்டரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க விட வேண்டும். இப்போது அரித்துக்கொண்டிருக்கும் செந்துரு அங்கேயே கருந்துருவாக மாறும். வெளியே எடுத்ததும் இரும்பின் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். மேலே நிற்கும் கரும்பொடியை மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் விரல் பலத்தில் மட்டும் தேய்த்து எடுத்து, சூடு ஆறும் முன் எண்ணெய். சில இடங்களில் செந்துரு மறுபடி எட்டிப் பார்த்தால் இன்னொரு முறை. பழைய புளூயிங் இருக்கும் இடம் அப்படியே இருக்கும், துரு இருந்த இடம் கறுக்கும், சாம்பலான இடம் சாம்பலாகவே நிற்கும். அரிப்பு நிற்கும், ஒரு எழுத்தும் அழியாது.

கழற்றுவதும் மாட்டுவதும் ஆர்மரியில்தான். அவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்தத் துப்பாக்கியின் ஸ்குரூ தலைகளில் வெட்டு ரொம்ப மெல்லியது, பக்கங்கள் இணையானவை. சந்தையில் கிடைக்கும் ஸ்குரூ டிரைவரின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும். அதைப் போட்டுத் திருகினால் தலை கிழிந்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் பொருந்த நுனியை இணையாகச் சாணை பிடித்த டிரைவர் அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு ஆளைத் தேடுங்கள். முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் விளக்கால் சூடு காட்டி இளக்கலாம் என்று யாராவது சொன்னால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கடினப்படுத்திய பாகங்கள் அந்தச் சூட்டில் தளர்ந்துவிடும், பார்த்தால் ஒன்றும் தெரியாது.

லீவர் கனமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே பிசினாக இறுகிய பழைய எண்ணெய்தான். மண்ணெண்ணெயில் கழுவினாலே பாதி சரியாகும்.

மேகமலை

கொதிக்கவைப்பது மட்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணே, இந்தத் துப்பாக்கிக்கு. ஏற்கெனவே யாரோ பஃப் பிடித்துக் கெடுத்து வைத்ததாக இருந்தால் ரஸ்ட் புளூயிங்தான் சரி என்பதில் மாற மாட்டேன். அழிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

நாகமலை

அங்கே நானும் உங்கள் பக்கம்தான்.

செல்லூர் தச்சர்

இனி என் பாடு. தம்பி, புதுக் கட்டை எதற்கு? உங்கள் கட்டை அமெரிக்க வால்நட். நம் ஊரில் அக்ரூட் என்போமே, அந்தக் குடும்பத்து மரம். கனம் குறைவு, அதிர்ச்சி தாங்கும், சீக்கிரம் வளையாது. தேக்கு கதவுக்கும் கட்டிலுக்கும் ராஜா, ஆனால் இழை வாக்கில் பிளக்கும் குணம் அதற்கு உண்டு. டாங்க் உட்காரும் மெல்லிய இடத்தில் ஒவ்வொரு வெடிக்கும் அடி வாங்கும் சாமானுக்கு நான் அதைப் போட மாட்டேன். போட்டோவில் பார்த்தவரை பிடியில் விரிசல் இல்லை, முனை உடையவில்லை. கறுப்பெல்லாம் எண்ணெய்தான்.

அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது தெரியுமா? துப்பாக்கியை வாய் மேலே பார்க்க மூலையில் நிறுத்துவார்கள். குழலுக்கும் ஆக்‌ஷனுக்கும் தாராளமாக விட்ட எண்ணெய் வருஷக்கணக்கில் கீழே இறங்கிக் கட்டையின் தலைப்பக்கம் ஊறும். ஊறின மரம் மெத்தென்று ஆகி, வெடிக்கும்போது ரிசீவர் அதை நசுக்க ஆரம்பிக்கும். அதனால் இதை எடுத்தே ஆக வேண்டும்.

சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்துப் பசையாக்கி, கறுத்த இடத்தில் கனமாக அப்புங்கள். அசிட்டோன் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கும், அது ஆவியாகும்போது பொடி எண்ணெயை இழுத்துக்கொள்ளும். காய்ந்து மஞ்சளான பொடியைத் தட்டிவிட்டு மறுபடி அப்ப வேண்டும், பொடி வெள்ளையாகவே நிற்கும்வரை. திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. மதுரை வெயிலையும் பயன்படுத்திக்கொள்ளலாம். காலை வெயிலில் கறுப்புத் துணி சுற்றி வைத்தால் எண்ணெய் முத்து முத்தாக வெளியே வரும், துடைத்துக்கொண்டே இருங்கள். உச்சி வெயிலில் மட்டும் மறந்து விட்டுவிடாதீர்கள், வெடித்துவிடும்.

நசுங்கிய பள்ளங்களை உப்புத்தாளால் சமப்படுத்தாதீர்கள். ஈரத் துணியைப் பள்ளத்தின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியின் முனையால் அழுத்தினால் ஆவி ஏறி நசுங்கிய நார் மேலே எழும். வெட்டுப்பட்ட இடம் எழாது, அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

தேய்ப்பதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். இரும்பும் மரமும் சேரும் இடத்தில் மரம் இரும்பை விட ஒரு நூல் தூக்கலாக இருக்கும், வேண்டுமென்றே அப்படி வைத்தது. அங்கே தேய்த்துவிட்டால் மரம் பள்ளமாகி இரும்பு துருத்திக்கொண்டு நிற்கும், திரும்பச் சரிசெய்யவே முடியாது. கட்டையின் பின்முனையை மூடும் இரும்பு அடிப்பட்டையைக் கழற்றாமல் மாட்டியபடியே தேய்த்தால் அந்த ஓரம் தப்பிக்கும். முன்பக்கம் ரிசீவரைத் தொடும் ஒரு அங்குலத்தில் தாளே படக் கூடாது. மற்ற இடங்களில் 320ஆம் நம்பர் போதும். லேசாக ஈரம் தடவிக் காயவிட்டால் நார் சிலிர்த்து நிற்கும், 400ஆம் நம்பரால் அதை மட்டும் வெட்டிவிடுங்கள்.

வைகைக்கரை

வார்னிஷா, அரக்கு பாலிஷா, எண்ணெயா?

செல்லூர் தச்சர்

எண்ணெய்தான். பெயின்ட் கடையில் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும், ஆளிவிதை எண்ணெய். முதல் பூச்சுக்குக் கொஞ்சம் டர்பண்டைன் கலந்து இளக்கிக்கொள்ளுங்கள், உள்ளே ஏறும். அடுத்தவற்றுக்கு வெறும் எண்ணெய், விரலில் சில துளி எடுத்து உள்ளங்கைச் சூட்டில் தேய்க்க வேண்டும். கால் மணி நேரத்தில் மரம் குடிக்காத மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசினாக நிற்கும், அப்புறம் தூசி, முடி எல்லாம் ஒட்டும். ஒரு பூச்சு முழுசாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரமே வேண்டாம். டாங்க் உட்காரும் உட்குழி, அடிப்பட்டைக்குப் பின்னால் தெரியும் வெட்டு முகம், இங்கெல்லாம் பூச மறக்காதீர்கள். ஈரம் உள்ளே போவதே அந்த வழியாகத்தான்.

கோர்ட்வாசல்

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே!

செல்லூர் தச்சர்

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அக்கா. ஆளிவிதை எண்ணெய் வெறுமனே உலர்வதில்லை, காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. இறுகும்போது சூடு கிளம்பும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். நெருப்புப் பொறியே தேவையில்லை. துணியைத் தண்ணீர் வாளியில் முக்கிவிடுங்கள், அல்லது வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள். குப்பைக் கூடையில் மட்டும் போடவே கூடாது.

கருமாத்தூரான்

எல்லாம் குறித்துக்கொண்டேன். குழலின் உள்பக்கம் பற்றி ஒரு கேள்வி. விளக்கு வைத்துப் பார்த்தால் முறுக்குக் கோடுகள் நன்றாகத் தெரிகின்றன, ஆனால் இருட்டாக, பொடிக் குழிகளோடு இருக்கிறது. பெரியப்பா எண்ணெய் போடாமல் வைத்ததே இல்லை. பிறகு எப்படி?

மேகமலை

பெரியப்பா மேல் தப்பில்லை. அந்தக் காலத்துத் தோட்டாக்களில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது குழலுக்குள் ஒரு உப்பாகப் படியும். காற்றில் உள்ள ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, மேலே மூடி மட்டும் வைக்கும், அடியில் அரிப்பு நடக்கும். அதனால்தான் பழைய வேட்டைக்காரர்கள் சுட்டுவிட்டு வந்ததும் குழலில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றிவிட்டு அப்புறம் எண்ணெய் போட்டார்கள். நாகமலை அண்ணன் சொன்ன கொதி வேலையில் உள்பக்கத்து உப்பும் கரைந்து போய்விடும், ஒரே வேலையில் இரண்டு பயன்.

சுடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோனது. கரும்பிலும் நிலக்கடலையிலும் பன்றி இறங்குகிறது என்பதற்காக நாமாகச் சுட முடியாது. நம் அரசுத் தொழிற்சாலைத் தோட்டாக்களில் ரைபிளுக்கென்று கடையில் பார்ப்பவை .315, .30-06, .22. .44-40 அதில் இல்லை. பெரியப்பா பெட்டியில் பழைய தோட்டாக்கள் மிச்சம் இருந்தால் சுட்டுப் பார்க்க வேண்டாம், லைசென்ஸ் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கடையில் ஒப்படையுங்கள். அளவு கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று வேறு தோட்டாவை யாராவது நீட்டினால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கருமாத்தூரான்

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆர்மரியில் என் கண் முன்னாலேயே பிரித்தார். பெரியவர், டிரைவர் நுனியை நம் ஸ்குரூவுக்குப் பார்த்துப் பார்த்துச் சாணை பிடித்துக்கொண்டார். ஒரு தலையும் கிழியவில்லை. குழலைத் தகரத் தொட்டியில் கொதிக்கவைத்து எடுத்ததும் செந்துரு இருந்த இடமெல்லாம் கன்னங்கரேலென்று மாறியிருந்தது. ஸ்டீல் உல் போட்டதும் முத்திரைகள் பளிச்சென்று தெரிந்தன. ‘நாட் இங்கிலிஷ் மேக்’ பக்கத்தில் இருந்தது கிரீடம் போட்ட முத்திரை, இப்போது லென்ஸ் இல்லாமலே தெரிகிறது. உள்ளே ஆக்‌ஷனில் தேன் பாகு போல இறுகிய எண்ணெய். கழுவிய பிறகு லீவர் ஒரு விரலுக்கே இறங்குகிறது.

கட்டை வீட்டில் இருக்கிறது. சாக் பவுடர் இன்னும் மஞ்சளாகத்தான் வருகிறது, ஆனால் பிடிப் பக்கம் மரத்தின் ரேகை தெரிய ஆரம்பித்துவிட்டது. செம்பழுப்பில் கருங்கோடு ஓடுகிறது. இதையா தேக்குப் போட்டு மாற்ற நினைத்தேன் என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். முடிந்ததும் எங்கே, எப்படி வைப்பது? பெரியப்பாவின் தோல் உறை ஒன்று இருக்கிறது.

நாகமலை

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள் தம்பி. பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் இருக்கும், ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். எடுத்துப் போகும்போது மட்டும் உறை போதும். பூட்டுள்ள பீரோவில், வாய் கீழே பார்க்க, அடியில் ஒரு பழைய கம்பளித் துண்டு வைத்து நிறுத்துங்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. எண்ணெயும் மிதமாகப் போதும், விரலில் பட்டால் லேசாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இடது பக்க வளையம் ஆடி ரிசீவரில் அரை வட்டமாகக் கோடு போட்டிருக்கும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம், வளையம் வைத்த பழைய துப்பாக்கிகளில் சாதாரணமாகப் பார்க்கும் கோடுதான்.

கோர்ட்வாசல்

வேலை முடிந்ததும் எண்ணும் முத்திரைகளும் தெளிவாகத் தெரியும்படி நாலைந்து போட்டோ எடுத்து, ஆர்மரி கொடுத்த பில்லோடு லைசென்ஸ் கோப்பில் வையுங்கள் தம்பி. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், மாதக்கணக்கில் அங்கே இருக்கும். ஒப்படைக்கும் முன் இரும்புக்குக் கொஞ்சம் கனமாகவே கிரீஸ் தடவி, துணி உறையில் போட்டு, எந்த நிலையில் கொடுத்தீர்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வந்த அன்றே பிரித்துத் துடைத்துவிட வேண்டும்.

செல்லூர் தச்சர்

பொடி வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள் தம்பி. அதற்கு முன் எண்ணெய் பூசினால் பழைய எண்ணெய் உள்ளே இருந்துகொண்டு புதுசைக் காயவிடாது. முதல் பூச்சு போட்டதும் வெயிலில் வைத்து ஒரு போட்டோ போடுங்கள், ரேகையைப் பார்த்துவிட்டு எத்தனை பூச்சு வேண்டும் என்று சொல்கிறேன்.